பத்தாம் வகுப்பு அறிவியல்: ஒப்பிப்பதா, பாடம் பிரித்துக்கொள்வதா, விடைத்தாளை மாற்றித் திருத்துவதா?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இயக்க விதிகளில் தொடங்கி 23 அலகுகள் இருக்கின்றன. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கும் ஒரே தேர்வுக்குள் அடங்கிவிடுவதால், அரையாண்டுத் தேர்வு முடிந்து திருப்புதல் தேர்வுகள் நெருங்கும்போது தனியாக உட்கார்ந்து படிக்கும் மாணவர் மலைத்துப் போகிறார். அப்போதுதான் மாலை வகுப்புகளிலும், தெருவிளக்கு எட்டும் திண்ணைகளிலும், யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலும் கூடிப் படிப்பது தொடங்குகிறது. பல ஆண்டுகளாக இப்படிக் கூடும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், அவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் மூன்று வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நன்றாகப் படிக்கும் ஒருவர் தலைவராக இருந்து மற்றவர்களை ஒப்பிக்கச் சொல்வது முதல் வழி. அலகுகளைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொன்றாகப் படித்து மற்றவர்களுக்கு நடத்துவது இரண்டாவது. இருவர் இருவராக அமர்ந்து விடை எழுதி, தாளை மாற்றித் திருத்திக்கொள்வது மூன்றாவது.

எந்த வழி சிறந்தது என்று பேசுவதற்கு முன்னால் வினாத்தாளைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண்கள். எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு எழுத வேண்டும். நான்கு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று. இரண்டு மதிப்பெண், நான்கு மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு வினா கட்டாயம். அது பெரும்பாலும் கணக்காகவே அமைகிறது. கூட்டிப் பார்த்தால் நான்கு மதிப்பெண், ஏழு மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 49 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருப்பது தெரியும். அதாவது, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான மதிப்பெண்கள், ஒரு பத்தி அளவுக்கோ அதற்கு மேலோ கோவையாக எழுதத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். கூடிப் படிக்கும் எந்த வழியையும் இந்தக் கணக்கின் முன்னால் நிறுத்தித்தான் மதிப்பிட வேண்டும்.

முதல் வழி நமக்கு மிகவும் பழையது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்கு அடுத்தபடியாக இருந்த சட்டாம்பிள்ளை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டிக் கொடுத்து அவர்களிடம் பாடம் கேட்பது வழக்கம். 1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகளின் காப்பகத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் காப்பகத்திலும் தேர்ந்த சிறுவர்களைக் கொண்டு மற்றச் சிறுவர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அதைப் பற்றி அவர் 1797 இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழியாக அந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குச் சென்றது. இன்றைக்கும் நம் வகுப்பறைகளில் ஐந்தாறு பேருக்கு ஒரு லீடர் அமர்ந்து, பாடநூலை மடியில் விரித்துக்கொண்டு, ஒவ்வொருவராக ஒப்பிக்கச் சொல்வது அந்தச் சட்டாம்பிள்ளை மரபின் தொடர்ச்சியே.

இந்த வழியின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெறக் குறைந்தது 20 மதிப்பெண்கள் வேண்டும். ஒன் வேர்ட் என்று பிள்ளைகள் சொல்லும் ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்தும், இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஐந்தும் சரியாக வந்துவிட்டால் அந்த 20 கைக்கு வந்துவிடும். தேர்ச்சியே கேள்விக்குறியாக இருக்கும் மாணவரைக் கரை சேர்க்க, பாடத்தின் பின்பக்க வினாக்களை நாள்தோறும் ஒப்பிக்கச் செய்வதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதும் இந்த வழி நின்றுவிடுகிறது. ஓம் விதியை, 'மாறா வெப்பநிலையில்' என்ற முதற்சொல்கூட விடாமல், ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவரிடம் 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில் 6 வோல்ட் மின்கலத்தோடு இணைத்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று கேட்டால், இரண்டையும் கூட்டி 9 ஓம் என்று எழுதிவிடுகிறார். தொகுபயன் மின்தடை 2 ஓம், மின்னோட்டம் 3 ஆம்பியர் என்ற விடைக்கு அவர் ஒப்பித்த வாசகம் அவரைக் கொண்டு செல்லவில்லை. லீடரும் புத்தகத்திலுள்ள சொற்கள் வந்தனவா என்று பார்க்கிறாரே தவிர, பொருள் விளங்கியதா என்று பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவர் வேலை என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

பாடம் பிரித்துக்கொள்ளும் இரண்டாவது வழி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடையே செல்வாக்குப் பெற்றது. நான்கு பேர் சேர்ந்து, ஒருவருக்கு ஒளியியல், ஒருவருக்குக் கரைசல்கள், ஒருவருக்கு நரம்பு மண்டலம், ஒருவருக்கு மரபியல் என்று பங்கிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கூடி ஒருவர் நடத்த மற்ற மூவர் கேட்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு வெளிநாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிவந்தோர் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டபோது எழுந்த பகைமையைத் தணிக்க, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் தம் மாணவர்களோடு சேர்ந்து இத்தகைய முறை ஒன்றை வகுத்தார். அதில் கவனிக்க வேண்டிய இரண்டு கூறுகள் நம் பிள்ளைகளின் ஏற்பாட்டில் விடுபட்டுப் போகின்றன. அங்கே பிரிக்கப்பட்டது ஒரே பாடத்தின் துண்டுகள். இங்கே முழு முழு அலகுகள். அங்கே ஒரே துண்டைப் பெற்ற வெவ்வேறு குழுப் பிள்ளைகள் முதலில் தங்களுக்குள் கூடிச் சரிபார்த்துக்கொண்ட பிறகே தம் குழுவுக்குத் திரும்பி நடத்தினார்கள். இங்கே தனியாகப் படித்தவர் நேரே வந்து நடத்துகிறார்.

இரண்டாவது விடுபாட்டின் விளைவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சுற்றோட்ட மண்டலத்தை நடத்திய மாணவி ஒருவர், தமனிகள் அனைத்தும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தையே எடுத்துச் செல்லும் என்று உறுதியாகச் சொன்னார். நுரையீரல் தமனி அதற்கு விலக்கு என்பது அவர் கண்ணில் படவில்லை. கேட்ட மூவரும் அடுத்த தேர்வில் அந்தப் பிழையையே எழுதினார்கள். ஆசிரியர் சொன்னதை மறந்துவிடும் பிள்ளைகள் தோழி சொன்னதை மறப்பதில்லை. இந்த முறையின் அழகும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன.

முதல் விடுபாடு இதைவிடப் பெரிய சேதத்தைச் செய்கிறது. அறிவியல் பாடநூலின் அலகுகள் தனித்தனி அறைகளாகக் கட்டப்பட்டவை அல்ல. அணுக்களும் மூலக்கூறுகளும் என்ற அலகில், பொருளின் அளவைக் குறிக்கும் மோல் என்பது என்ன, 18 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதை உட்கார்ந்து போட்டுப் பார்க்காதவர், வேதிவினைகளின் வகைகள் என்ற அலகில் வரும், கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் கணக்கைத் தொட்டதும் தடுமாறுகிறார். ஏனெனில் அங்கே ஹைட்ரஜன் அயனியின் செறிவு ஒரு லிட்டருக்கு இத்தனை மோல் என்றுதான் தரப்படுகிறது. மரபியலில், மெண்டலின் ஒருபண்புக் கலப்பில் புறத்தோற்ற விகிதம் 3:1 என்பதையும் ஜீனாக்க விகிதம் 1:2:1 என்பதையும் தன் கையால் கட்டம் போட்டுப் பார்க்காதவருக்கு, இருபண்புக் கலப்பின் 9:3:3:1 வெறும் எண் வரிசையாகவே நிற்கிறது. பங்கு பிரித்துப் படிப்பவர் தம் பங்கில் 90 விழுக்காடும் பிறர் பங்கில் முப்பதும் தேறி நிற்பது இதனால்தான். நடத்துபவருக்கே பயன் மிகுதி என்பது உண்மை. ஆனால் நால்வரில் ஒவ்வொருவரும் நடத்துவது நான்கில் ஒரு பங்கை மட்டுமே.

இருந்தாலும் இந்த வழியை நான் தள்ளிவிடவில்லை, இடம் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே அலகுக்குள், அதுவும் உயிரியலில், இது சிறப்பாக வேலை செய்கிறது. ஹார்மோன்கள் பாடத்தில் ஒருவர் தாவர ஹார்மோன்களையும், ஒருவர் பிட்யூட்டரியையும், ஒருவர் தைராய்டு, கணையம் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டால், துண்டுகள் ஒன்றையொன்று பெரிதும் சார்ந்திராததால் எதுவும் சிதைவதில்லை. இயற்பியலிலும், கணக்கு வரும் வேதியியல் அலகுகளிலும் பங்கு பிரிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

மூன்றாவது வழியைப் பற்றி இனி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் சார்பு அதன் பக்கம்தான். இருவர் அமர்ந்து, ஒரே வினாவைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் தாள்களை மாற்றிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து, ஒருவர் விடையை மற்றவர் சிவப்பு மையால் திருத்துகிறார். நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட நெடுநாள் நிற்கும் என்பதை 2006 இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு காட்டினார்கள். ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவு வாசித்தவுடன் 'எல்லாம் தெரிகிறது' என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

ஆனால் இந்த வழியின் உண்மையான ஆற்றலை நான் ஆய்வில் காணவில்லை, ஒரு லென்சுக் கணக்கில் கண்டேன். குவிய தூரம் 10 செ.மீ. உள்ள குவிலென்சுக்கு முன்னால் 15 செ.மீ. தொலைவில் பொருள் வைக்கப்பட்டால் பிம்பம் எங்கே விழும் என்பது கேள்வி. ஒரு மாணவர் பொருளின் தொலைவுக்கு எதிர்க்குறி போட மறந்து, பிம்பத்தின் தொலைவு 6 செ.மீ. என்று எழுதியிருந்தார். குறியைச் சரியாகப் போட்டால் வரும் விடை 30 செ.மீ. திருத்தியவர் வெறும் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, "பொருள் குவியத்துக்கும் அதன் இரு மடங்கு தூரத்துக்கும் நடுவில் இருக்குதுடா, அப்ப பிம்பம் இரு மடங்குக்கு அந்தப் பக்கம்தானே விழணும்? உனக்கு எப்படி லென்சுக்குப் பக்கத்திலேயே விழுந்துச்சு?" என்று கேட்டார். கதிர்ப் படத்தையும் கணக்கையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த இருவருக்கும் அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. லீடரிடம் ஒப்பித்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. யாரோ நடத்தக் கேட்டிருந்தால் அந்தப் பிழையே வெளியே வந்திருக்காது.

திருத்துபவர் அடையும் பயனும் சிறிதன்று. சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்று மதிப்பெண் படிப்படியாகப் பிரிந்து விழுகிறது என்பதை, பிறர் தாளில் அரை மதிப்பெண்ணைக் குறைக்கும்போதுதான் மாணவர் உள்ளூர உணர்கிறார். ஆம்பியர் என்று எழுதாமல் வெறும் 3 என்று முடித்த தோழரைக் கண்டித்தவர், தாம் எழுதும்போது அலகை விடுவதில்லை. இதயத்தின் படத்தில் பாகங்களின் பெயர்க் கோடு எங்கே முடிகிறது என்பதைப் பிறர் படத்தில் பார்த்தவருக்குத் தம் கோடு எங்கோ தொங்குவது கண்ணில் படுகிறது.

குறைகளும் இருக்கின்றன. இது மெதுவான வழி. ஒரு நான்கு மதிப்பெண் வினாவை எழுதித் திருத்திப் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் நான்கு வினாக்கள் என்றால், 23 அலகுகளையும் இப்படியே முடிப்பது நடவாத காரியம். இருவருக்குமே தெரியாத இடத்தில் இருவரும் சேர்ந்து தவறுவார்கள் என்பதால், முந்தைய ஆண்டுகளின் விடைக்குறிப்பு பக்கத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது திருத்திய தாள்களை ஆசிரியர் புரட்டிப் பார்க்க வேண்டும். நட்புக்காக மதிப்பெண்ணை அள்ளிப் போடுவோரும், தாளை மறைத்துக்கொள்வோரும் உண்டு. முதல் இரண்டு வாரங்களுக்கு மதிப்பெண்ணே போடாமல், விடுபட்டதை மட்டும் ஓரத்தில் எழுதச் சொன்னால் அந்தக் கூச்சம் தணிவதைப் பார்க்கிறேன்.

வாட்ஸ்அப் குழுக்களை நான்காவது வழியாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. அங்கே குவியும் பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து படித்தவர்கள் சிலரே. படித்துவிட்டோம் என்ற நிறைவு மட்டும் எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது.

எனவே காலத்தைப் பொறுத்து நான் சொல்வது இது. அரையாண்டுத் தேர்வு வரை உயிரியல் அலகுகளை அலகுக்குள்ளேயே பிரித்துப் படிக்கட்டும். ஜனவரி முதல் நாள்தோறும் ஒரு மணி நேரம் தாள் மாற்றித் திருத்தட்டும். அதில் கணக்குகளும் காரணம் கேட்கும் வினாக்களும் முதலிடம் பெறட்டும். கடைசிப் பத்து நாள்களில் ஒரு மதிப்பெண் வினாக்களை ஒப்பிப்பதற்கு மீண்டும் லீடர்களை அமர்த்தலாம். ஒரே ஒரு வழிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு பிள்ளையை மட்டும் மறந்துவிடக் கூடாது. மெல்லக் கற்பவர் என்று பெயர் வாங்கி, ஆண்டு முழுவதும் லீடரின் முன்னால் ஒப்பித்துக்கொண்டே இருக்கும் அந்தப் பிள்ளைக்குச் சிவப்புப் பேனா கிடைப்பதே இல்லை. சென்ற முறை அப்படிப்பட்ட ஒருவரை வகுப்பில் முதலிடம் பெறுபவரோடு ஜோடி சேர்த்து, தாவரத்தின் கடத்தும் திசுக்களான சைலம், புளோயம் ஆகியவற்றின் வேறுபாட்டை முதலிடம் பெறுபவர் எழுத, அந்தத் தாளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும்படி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவர் பாடநூலின் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு, வரிவரியாக, இருபது நிமிடங்கள் வாசித்தார். முடிவில் தயங்கியபடி தாளை நீட்டி, சைலம் நீரைக் கடத்துவதை மட்டும் எழுதிவிட்டுக் கனிம உப்புகளை விட்டிருக்கிறார் என்று சொன்னார். முதலிடம் பெறுபவர் தாளை வாங்கிப் பார்த்து, "ஆமா, விட்டுட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, அந்த வரியைத் தம் கையால் சேர்த்து எழுதினார்.