பாலிகார்பனேட் லென்ஸா, சாதா பிளாஸ்டிக்கா?

மூக்குக்கண்ணாடி மாற்றும்போது பலரும் குழம்புவது இந்த இரண்டில்தான்.

ஒளிவிலகல் எண்: சாதா பிளாஸ்டிக் (சிஆர்-39) 1.498, பாலிகார்பனேட் 1.586. எண் கூடினால் ஒளி அதிகம் வளையும், அதனால் அதே பவருக்கு லென்ஸ் மெலிதாகவே போதும்.

நிறப்பிரிகை: இங்கேதான் பாலிகார்பனேட் சறுக்குகிறது. அப்பே எண் (லென்ஸ் ஒளியை நிறங்களாகப் பிரிப்பது எவ்வளவு குறைவு என்று காட்டும் அளவு) கூடுதலாக இருந்தால் நல்லது. சிஆர்-39க்கு 58, இதற்கு 30தான். பவர் அதிகமுள்ளவர்கள் லென்ஸின் ஓரம் வழியாக, வெளிச்சமான வானத்தை ஒட்டிய ஜன்னல் கம்பியைப் பாருங்கள், ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சும் கசியும் (எனக்குத் தலைவலியே வந்துவிட்டது).

அடி தாங்குவது: பாலிகார்பனேட், பேச்சே இல்லை.

கீறல்: சிஆர்-39 ஓரளவு சமாளிக்கும், மற்றதற்குப் பூச்சு கட்டாயம்.

சரி, குழந்தைகளுக்கும் விளையாடுபவர்களுக்கும் பாலிகார்பனேட். பவர் குறைவு, நாள் முழுக்கப் படிப்பு என்றால் சிஆர்-39 எடுங்கள்.