கல்யாணப் பொருத்தம் சொல்லும் டிஎன்ஏ கிட்: காசு கொடுத்து வாங்கலாமா?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பி, கல்யாண நாளுக்கு வழக்கமாகச் சேலை எடுத்துத் தருவான், இந்த முறை ஒரு டிஎன்ஏ கிட் அனுப்பிவிட்டான். புருஷனும் பெண்டாட்டியும் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்ப வேண்டும், அவர்கள் மரபணுவைப் பார்த்து இல்லறம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று மதிப்பெண் போட்டுத் தருவார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு: நாங்கள் செய்ததைப் பார்த்துவிட்டு, தம்பிக்கும் மாமா மகளுக்கும் பேசிக்கொண்டிருக்கும் சம்பந்தத்தையே இதை வைத்து முடிவு செய்யலாம் என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி நன்றாக இருந்தது, தமிழிலேயே குறிப்புகள் போட்டிருந்தார்கள், துப்புவதற்கு அரை மணி முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது, வெற்றிலை கூடவே கூடாது. கூரியர்காரர் பாம்பன் வரை வர மாட்டேன் என்றதால் பார்சலை மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம், அது கம்பெனியின் குற்றம் இல்லை. ரிப்போர்ட்டும் சொன்ன தேதிக்கு முன்பே வந்தது.

மதிப்பெண் நூற்றுக்கு 74. "நல்ல இணக்கம்." வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பத்தாங்கிளாஸில் கூட இவ்வளவு வாங்கியதில்லை என்று சந்தோஷப்பட்டார். கீழே மூன்று மரபணுக்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் பச்சை மஞ்சள் சிவப்பு என்று ஒரு பட்டையும். விளக்கம் என்று இருந்தது நாலு வரிதான். மீதியை நானே தேடிப் படித்தேன்.

முதலாவது, மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் சம்பந்தப்பட்ட மரபணு. இதில் குட்டை வடிவம், நீள வடிவம் என்று இரண்டு உண்டு, அம்மா அப்பாவிடமிருந்து ஆளுக்கு ஒன்று வரும். எனக்கு இரண்டுமே குட்டை, அவருக்கு இரண்டுமே நீளம். எனக்குச் சிவப்புப் பட்டை போட்டுவிட்டார்கள்! இதற்கு அடிப்படையான ஆய்வு 2013இல் வந்தது, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1989 முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்ட தம்பதிகளை வைத்துச் செய்தது. அவர்களை உட்கார வைத்துப் பேசவிட்டு, யார் எரிந்து விழுகிறார், யார் சிரிக்கிறார் என்று குறித்து, வருடங்கள் கழித்து இல்லறம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் குட்டையாக இருந்தவர்களுக்கு, வீட்டில் கோபமும் வெறுப்பும் அதிகமானால் இல்லறத் திருப்தி ரொம்பக் குறைந்தது, ஆனால் வீடு நன்றாக இருந்தால் அவர்களுடைய திருப்தி அதே அளவுக்கு ஏறவும் செய்தது. நீள வடிவக்காரர்களுக்கு இரண்டுமே அவ்வளவாக உறைக்கவில்லை. அப்படியென்றால் இது கெட்ட மரபணு இல்லை, வீட்டுக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாயும் மரபணு. சிவப்புப் பட்டைக்கு இதில் வேலையே இல்லை.

அதுவும் எங்கள் வீட்டில் காற்று எதைப் பொறுத்து மாறும் தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள் மனுஷன் வீட்டிலேயே, கையில் காசும் இருக்காது. மற்ற மாதங்களில் கடலுக்குப் போனவர் திரும்பி வரும் வரை, இலங்கை நேவி யாரையாவது பிடித்துவிட்டது என்று செய்தி வந்தால் சோறு இறங்காது. இதைப் பற்றியெல்லாம் ஒரு கேள்வியாவது கேட்டார்களா என்றால் இல்லை. போனில் பேசிய கவுன்சிலர் பெண்ணிடம் கேட்டேன், "மேடம், எங்க ரிப்போர்ட் முழுக்க மரபணு அடிப்படையில மட்டும்தான்" என்றார், என்னவோ அது பெருமை போல.

அடுத்தது, பாசத்தோடும் நெருக்கத்தோடும் தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை உடம்பு வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு. 2019இல் யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 178 தம்பதிகளை, 37 வயது முதல் 90 வரை உள்ளவர்களை, ஆராய்ந்து, ஜிஜி என்கிற வகை ஒருவருக்காவது இருந்தால் திருப்தி கூடுதல் என்று சொன்னார்கள். எனக்கு ஜிஜி, பச்சைப் பட்டை. சரி. ஆனால் தம்பதிக்குத் தம்பதி திருப்தி வேறுபடுவதில் இந்த மரபணு விளக்கியது சுமார் 4 சதவீதம்தான், ரிப்போர்ட்டில் இந்த 4 எங்கேயும் இல்லை.

மூன்றாவது, வாசோபிரசின் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி மரபணு, ஆண்களிடம் மட்டும் தொடர்பு தெரிந்த 2008 ஸ்வீடன் ஆய்வு. ஒரு குறிப்பிட்ட வடிவம் இரண்டு பிரதியும் உள்ள ஆண்களில் 34 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் இல்லறத்தில் பெரிய சிக்கலைச் சந்தித்திருந்தார்கள், அது இல்லாதவர்களில் 15 சதவீதம். அந்த இரண்டு பிரதி ஆண்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் இருந்திருக்கிறார்கள்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1992இல் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்துச் செய்த விவாகரத்து ஆய்விலும், 2018இல் ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்விலும் அது தெரிகிறது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற போக்கு அது. அதிலிருந்து மூன்று மரபணுவை உருவி எடுத்து ஒரு ஜோடிக்கு 74 என்று போடுவதற்கும், எங்கள் ஊர் ஜோசியர் பத்துக்கு ஏழு பொருத்தம் என்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஜோசியர் தட்சிணையாவது நம் சௌகரியம்.

இப்போது தம்பி விஷயம். மாமா மகள் என்றால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மரபணு இருவருக்கும் பொது. சொந்தத்தில் கட்டும் பழக்கம் நம் பக்கம் இன்னும் உள்ள நிலையில், டிஎன்ஏ பார்க்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தானே? தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ள கடத்துபவர்கள் பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள், இருவருமே கடத்துபவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய நோய் வரும். இந்த கிட் அதைத் தொடவே இல்லை. உறவுமுறையா என்று கூட விண்ணப்பத்தில் கேட்கவில்லை. ஹெச்பிஎல்சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பெரிய லேப்களில் எடுப்பார்கள், தலசீமியா கடத்துபவரா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். குடும்பத்தில் வேறு பரம்பரை நோய் இருந்தால் மரபியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னபோது "ஏம்மா, பொண்ணுக்கு நோய்ங்குறியா?" என்று கோபித்துக்கொண்டார், அத்தைதான் புரிந்துகொண்டு, பெண்ணையும் தம்பியையும் அடுத்த மாதம் மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்.

ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் நேரத்துக்கு ரிப்போர்ட் அனுப்பியதற்காக. தம்பி கொடுத்த காசு ஆறாயிரத்துச் சொச்சம், திரும்பத் தர மாட்டார்களாம். எச்சில் மாதிரியை அழித்துவிடுங்கள் என்று மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், அதை எடுத்துவிட்டு அப்புறம் துப்புங்கள்.