ரெண்டு பென்சில் பேட்டரிக்காக ஒரு கருவி: ஜியோகேஷிங்குக்கு போனா, ஜிபிஎஸ் கருவியா?

"கையிலேயே போன் இருக்கே, இது எதுக்குண்ணே தனியா?" என் பையின் தோள்பட்டையில் தொங்கும் ஈட்ரெக்ஸ் 30-ஐ, அதாவது கார்மின் கம்பெனியின் கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் பார்க்கும் ஆபீஸ் தம்பிகள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். சியாட்டில் பக்கம் வந்த புதிதில் நானும் போனை மட்டும் வைத்துக்கொண்டு காட்டில் டப்பா தேடியவன். மூன்று வருஷம் போன், பிறகு யாரோ பயன்படுத்தி விற்ற இந்தக் கருவி. இரண்டிலும் தேடியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம், மலைக்குப் போகிறவனாக நான் கருவிக் கட்சி.

ஜியோகேஷிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம் தேடிப் பிடித்து உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நிறுத்தியது. அடுத்த ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஒரெகான் மாநிலத்தில் போர்ட்லண்டுக்கு அருகே ஒரு வாளியைக் காட்டில் வைத்தார். ஆட்டம் அங்கே தொடங்கியது. அதை நடத்தும் முக்கிய இணையதளத்தின் தலைமையகம் சியாட்டிலில்தான் இருக்கிறது, அதனால் இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு டப்பா.

துல்லியத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிய சண்டை இல்லை. திறந்த வானத்தின் கீழ் இரண்டுமே மூன்று, நான்கு மீட்டருக்குள் கொண்டுபோய் விடும். உயரமான டக்ளஸ் ஃபிர் மரங்களின் அடியில் இரண்டுமே உளறும். ஒளித்தவரின் கருவியும் அதே மரத்தடியில்தானே உளறியிருக்கும்? அவர் பிழையும் நம் பிழையும் சேர்ந்தால் பத்து மீட்டர் சுலபமாக வந்துவிடும். கடைசிப் பத்தடிக்குக் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை நம்புகிறவன்தான் டப்பாவை எடுக்கிறான். இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்கும் புதிய போன்களும் கருவிகளும் மரத்தடியில் நன்றாக இருக்கின்றன என்கிறார்கள்; நண்பர் ஒருவரின் போனில் ஒரே ஒரு நாள் பார்த்ததை வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

"டவர் இல்லாட்டி போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்பதும் கட்டுக்கதை. செயற்கைக்கோள் சிக்னலுக்கு டவர் தேவையில்லை. டவர் இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் இணையம் வழியே வந்துவிடுவதால் முதல் இடக்குறிப்பு சட்டென்று கிடைக்கிறது, அவ்வளவுதான். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டே தேடலாம். ஆனால் வரைபடத்தையும் டப்பா விவரங்களையும் வீட்டிலேயே இறக்கிவைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் சி:ஜியோ என்ற இலவசச் செயலி, பொதுஜனமே சேர்ந்து வரைகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தோடு சேர்த்து இதை அழகாகச் செய்யும். ஐபோன்காரர்கள் காசு கொடுத்து காஷ்லி என்ற செயலியை வாங்குகிறார்கள். அதை என் மனைவியின் போனில் நாலைந்து தடவை பார்த்ததோடு சரி.

ஊருக்குள் தேடுவதென்றால் போன்தான், பேச்சே வேண்டாம். சுண்டுவிரல் நுனி அளவு நானோ டப்பா பார்க் பெஞ்சின் அடியில் காந்தத்தில் ஒட்டியிருக்கும். சுற்றிலும் மகுள்கள், அதாவது இந்த ஆட்டம் தெரியாத பொதுஜனம். போனை நோண்டிக்கொண்டு நிற்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆன்டெனா மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் குனிகிறவனைப் பார்த்தால் போலீசுக்கு போன் போடுவார்கள். கணக்குப் போட்டு அடுத்த இடத்தின் எண்களைக் கண்டுபிடிக்க வேண்டிய புதிர் டப்பாக்களிலும் அப்படித்தான். ஈட்ரெக்ஸின் குட்டிக் குமிழைத் தள்ளித் தள்ளி ஒவ்வோர் எண்ணாக உள்ளிடுவதற்குள் பொறுமை போய்விடும். டப்பாவே இல்லாமல், இடத்துக்குப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்கிற 'அட்வென்ச்சர் லேப்' வகை ஆட்டங்களுக்குப் போன் செயலி மட்டும்தான் வழி, கருவிக்கு அங்கே இடமே கிடையாது.

அப்புறம் ஏன் கருவி? பேட்டரி. மற்ற காரணமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எனக்குப் புத்தி வந்தது சியாட்டிலுக்குக் கிழக்கே மலையில் இருக்கும் ஸ்னோகுவால்மி கணவாயில். அங்கே பழைய ரயில் சுரங்கம் ஒன்று நடைபாதையாகியிருக்கிறது, நீளம் 2.3 மைல். அதன் மேற்கு வாயில் பக்கம் 2001-ல் ஒரு திரைப்பட விளம்பரத்துக்காக ஒளித்துவைத்த 'ஏப்' வரிசை டப்பாக்களில் ஒன்று உண்டு. ஜியோகேஷிங்காரர்களுக்கு அது திருத்தலம் மாதிரி. நாங்கள் கிழக்கு முனையான ஹயாக் பக்கமிருந்து நுழைந்தோம். உள்ளே கோடையிலும் குளிரும், விளக்கு கிடையாது. நானும் நண்பனும் என்ன செய்தோம்? போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டே நடந்தோம். முக்கால் மணி நேரத்துக்கு மேல். சுரங்கத்துக்குள் வானம் தெரியாததால் ஜிபிஎஸ் செயலி சிக்னலைத் துழாவிக்கொண்டே இருந்தது, போன் டவரைத் துழாவிக்கொண்டே இருந்தது. மறுமுனையில் வெளிச்சத்துக்கு வந்தபோது என் போனில் 18 சதவீதம். டப்பாவை நெருங்குவதற்குள் திரை இருண்டது. நண்பனின் போன் அதற்கு முன்பே போய்விட்டது. "மச்சி, திரும்பிப் போக டார்ச்சும் இல்லடா" என்றான். சைக்கிளில் வந்த ஒரு குடும்பத்தின் விளக்குக்குப் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். டப்பாவை எடுக்கவில்லை.

பவர் பேங்க் எடுத்துப்போகலாமே என்பீர்கள். இரண்டு வருஷம் எடுத்துப்போனேன். இங்கே அக்டோபர் முதல் மே வரை மழை நசநசவென்று விடாது. போனின் சார்ஜ் துளையில் ஈரம் பட்டால் 'உலரும்வரை சார்ஜ் ஏறாது' என்று எச்சரித்துவிட்டு நின்றுவிடும். ஈரத் திரையில் விரல் வைத்தால் வரைபடம் தானாக ஓடும், கையுறை போட்டால் தொடுவதே தெரியாது. போனுக்குள் இருக்கும் ரீசார்ஜ் ஆகிற லித்தியம் அயன் பேட்டரிக்குக் குளிரும் ஆகாது. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையான இடங்களில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஜனவரியில் கணவாய்ப் பக்கம் போனால் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறோம்.

ஈட்ரெக்ஸ் 30-க்கு வேண்டியது சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் பேட்டரி இரண்டு. 25 மணி நேரம் ஓடும் என்று கார்மின் சொல்கிறது; ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியில் எனக்கு இரண்டு முழு நாள் நடை வருகிறது. தீர்ந்தால் பின்மூடியைத் திருகி மாற்ற ஒரு நிமிஷம். என் டார்ச்சும் அதே அளவு பேட்டரிதான், ஒன்று தீர்ந்தால் மற்றதிலிருந்து பிடுங்கலாம். எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். கடுங்குளிருக்கு ரீசார்ஜ் ஆகாத லித்தியம் வகை ஒரு ஜோடி பையில் கிடக்கிறது, அது மைனஸ் 40 வரை தாங்கும்.

இதில் இரண்டு சூட்சுமம் உண்டு. எந்த வகை பேட்டரி போட்டிருக்கிறோம் என்று அமைப்புகளில் சொல்ல வேண்டும். நிக்கலைப் போட்டுவிட்டு ஆல்கலைன் என்று விட்டால் சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகப் புலம்பும். இன்னொன்று, பேட்டரி மாற்றியதும் திசைகாட்டியை மறுபடி சீரமைக்க வேண்டும். கருவியைக் கையில் வைத்து மூன்று விதமாகச் சுழற்றும் அந்தச் சடங்கைச் செய்யாவிட்டால் அம்பு எங்கேயோ காட்டும். (ஈட்ரெக்ஸ் 20-ல் காந்தத் திசைகாட்டியே இல்லை, நடந்தால்தான் திசை தெரியும்.)

பேட்டரி என்று நான் சொல்வது ஒருநாள் கணக்கை மட்டுமல்ல, ஆயுள் கணக்கையும் சேர்த்துத்தான். போனின் பேட்டரி மூன்று நான்கு வருஷத்தில் தளர்கிறது, அதோடு போனும் கிழடாகிறது, பிறகு புதிய செயலி பழைய ஆண்ட்ராய்டில் ஏறாது. ஈட்ரெக்ஸ் 30 வெளிவந்தது 2011-ல். இன்றும் யூஎஸ்பி கம்பியில் செருகி டப்பா விவரங்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை அதன் கோப்புறையில் போட்டால் வாங்கிக்கொள்கிறது. சந்தா கட்டியவர்களுக்கு ஜியோகேஷிங் தளம் தரும் 'பாக்கெட் குவரி' என்ற மொத்தப் பட்டியலில் ஒரே கோப்பில் 1000 டப்பா வரை வரும், குறிப்பும் மற்றவர்கள் எழுதியதும் சேர்த்து. மைக்ரோ எஸ்டி அட்டையில் இலவச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம். திரையில் அது நகர்கிற வேகத்துக்கு நம்ம ஊர் மாட்டுவண்டியே தேவலை, அதையும் மறைக்கவில்லை.

இப்போது என் வழக்கம் இது: மலைக்குப் போனால் கருவி தோளில், போன் ஏரோபிளேன் மோடில் பைக்குள். போட்டோவுக்கும் அவசரத்துக்கும் மட்டும் வெளியே வரும். 'கண்டெடுத்தேன்' பதிவெல்லாம் காருக்குத் திரும்பிய பிறகு. ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஊருக்குள் சுற்றினால் கருவி வீட்டிலேயே இருக்கும். "அப்பா, அந்தப் பழைய போனைக் கொண்டுவராதீங்க" என்பது அவள் கட்டளை.

புதிதாக வாங்குவதென்றால் 2023-ல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ இருக்கிறது. அதுவும் பென்சில் பேட்டரிதான், 168 மணி நேரம் என்கிறார்கள், போனோடு இணைத்தால் டப்பா விவரங்களை நேரடியாக இழுக்கும். ஆனால் கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது. மலைப்பாதையில் வரைபடம் இல்லாமல் எனக்குக் கை ஓடாது என்பதால் பழைய 30-ஐ விடவில்லை. பயன்படுத்தியதை வாங்கினால் காசு கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தால் வேண்டாம். நானே ஒரு குளிர்காலம் முழுக்க ஆல்கலைன் பேட்டரியை உள்ளேயே விட்டு, வினிகரும் காது குடையும் பஞ்சுக்குச்சியுமாக ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறேன்.