10-க்கு 12 அறை, 2 அடி டைல்: சுவரிலிருந்தா, நடுவிலிருந்தா?

10 அடி அகலத்துக்கு 2 அடி டைல் ஐந்து போட்டால் சரியாக முடிந்துவிடும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் 2 அடி டைல் என்று கடையில் தருவது 600 மி.மீ. கல்லுக்குக் கல் இடைவெளி விட வைக்கும் 2 மி.மீ. ஸ்பேசரோடு சேர்த்து 602. பூச்சுக்குப் பூச்சு 3048 மி.மீ. உள்ள அறையில் ஐந்து முழுக்கல் 3010-ல் நின்றுவிடும். மிச்சம் 38 மி.மீ. 12 அடிப் பக்கத்திலும் இதே கதைதான்: ஆறு கல் போக 46 மி.மீ. மிஞ்சும்.

சுவரைப் பிடித்து வந்தால் வேலை வேகமாக ஓடும், வாசலில் முழுக்கல் விழும். சிக்கல் கடைசி வரிசையில். 38 மி.மீ. பட்டை வெட்டும்போதே உடையும், ஒட்டினாலும் பிடிப்பு குறைவு. சுவர் கோணல் என்றால் இன்னும் மோசம். 12 அடி ஓட்டத்தில் 20 மி.மீ. சாய்வு இருந்தால் பட்டை ஒரு முனையில் 38, மறுமுனையில் 18. இது கண்ணில் குத்தும். அறையின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கினால் ஓரத்தில் 320 மி.மீ. துண்டு வரும்; அதே சாய்வில் அது 300 ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நடுக்கோட்டின் உண்மையான பலம் இதுதான்.

நடுக்கோடு போடும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும்: நடுவில் இரு கல் சேரும் ஜாயிண்ட் வருவதா, கல் வருவதா? இந்த அறையின் அகலத்தில் ஜாயிண்டை நடுவில் வைத்தால் இரு ஓரமும் 320. நீளத்தில் அப்படி வைத்தால் ஓரத்துக்கு 23 மி.மீ.தான் கிடைக்கும். அங்கே கோட்டை அரைக்கல் நகர்த்தி, கல்லின் நடு அறையின் நடுவில் விழும்படி வைத்தால் 324 வரும். ஓரத்துண்டு அரைக்கல்லுக்குக் குறைந்தால் கோட்டை நகர்த்துங்கள்.

செலவு? சுவர் முறையில் 30 முழுக்கல், பட்டைகளுக்கு உடைசலோடு 2. நடுக்கோட்டில் அகலத்துக்கு 6, நீளத்துக்கு 7, மொத்தம் 42. பத்துக் கல் வித்தியாசம் என்று மேஸ்திரி சொன்னால் பாதிக் கணக்குதான். அதே டைலில் சுவரடியில் 4 அங்குல ஸ்கர்ட்டிங் பட்டை போடுவதானால் சுவர் முறைக்கு இன்னும் 5 கல் வேண்டும். நடுக்கோட்டில் மிஞ்சும் 280 மி.மீ. துண்டு ஒவ்வொன்றும் இரண்டு ஸ்கர்ட்டிங் தரும். அறைக்குத் தேவையான 21 ஸ்கர்ட்டிங் துண்டும் அதிலேயே வந்துவிடும். ஆக 37-க்கு 42. ஐந்து கல்தான்.

பட்டை விழும் சுவரை ஒட்டிக் கட்டிய அலமாரியோ சமையல் மேடையோ வந்து பட்டையை மறைக்கும் என்றால் சுவர் முறையே போதும். திறந்த ஹாலுக்கு நடுக்கோடுதான். நிலையடியில் கிரானைட் பட்டி இல்லாமல் ஹால் டைல் அப்படியே அறைக்குள் போகிறதென்றால் இரண்டும் ஆகாது: ஹாலின் ஜாயிண்ட் கோட்டையே வாசல் வழியாக அறைக்குள் இழுத்து, அறையின் ஓரத்துண்டு எவ்வளவு வருகிறதென்று பார்த்துவிட்டு ஹால் கோட்டை இறுதி செய்ய வேண்டும்.

எந்த முறையானாலும் குறுக்குக் கோட்டைச் சுவரை நம்பிப் போடாதீர்கள். கோடுகள் வெட்டும் புள்ளியிலிருந்து ஒன்றில் 900, மற்றதில் 1200 குறித்தால், இடையளவு 1500 வர வேண்டும். கலவையில் பதிப்பதானால் தரையில் அடித்த பொடிக்கோடு மூடிப்போகும். கோட்டின் இரு முனையிலும் சுவரில் ஆணி அடித்து, நூலைக் கல்லின் மேல்மட்டத்தில் கட்டுங்கள். பசையில் ஒட்டுவதானால் பொடிக்கோடே போதும். பசையைக் கோடுவரை மட்டும் இழுங்கள்.