ஆர்மா ரிஸ்க்-ஃபைவா, ஃப்ரீன்னா எது ஃப்ரீ?

ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ரெண்டுமே, சிப்புக்குள்ள இருக்கற ப்ராசஸர் எந்தெந்த கட்டளைய (இன்ஸ்ட்ரக்ஷன்) புரிஞ்சுக்கணும்னு சொல்ற ரூல்புக். ஆர்ம்ங்கறது அத விக்கற கம்பெனி பேரும்தான். போன வாரம் மாரத்தஹள்ளி டீக்கடைல ஒரு தம்பி, புதுசா ஸ்டார்ட்அப்ல சேர்ந்தவன், "அண்ணா, ரிஸ்க்-ஃபைவ்தான் ஃப்ரீயாச்சே, எதுக்கு ஆர்முக்கு காசு அழணும், பேட்டன்ட் தொல்லையும் இல்ல"ன்னான். பாதி சரி, மீதி பாதிலதான் மாட்டுவோம்.

ஆர்ம் கிட்ட ரெடிமேட் கோர், அதாவது அந்த கட்டளைங்கள ஓட்டற ப்ராசஸர் டிசைன், வாங்கினா லைசென்ஸ் ஃபீஸ் தனி, சிப்புக்கு சிப் ராயல்டி தனி. நம்ம பெங்களூரு வாடகை வீடேதான், பத்து மாச அட்வான்ஸும் குடுக்கணும் மாசாமாசமும் அழணும், ஓனரை கேக்காம ஆணி அடிக்க முடியாது. ரூல்புக்குக்கு மட்டும் அனுமதி வாங்கற ஆர்க்கிடெக்சர் லைசென்ஸ் எடுத்தா கோரை நீயே கட்டிக்கலாம், ஆனா அது பெரிய தலைங்களுக்கு. அங்கயும் நிம்மதி இல்ல: 2021ல சிப் கம்பெனி குவால்காம் சுமார் 140 கோடி டாலர் குடுத்து, ஆர்ம் லைசென்ஸ் வெச்சிருந்த நுவியாங்கற கம்பெனிய வாங்குச்சு, நுவியா லைசென்ஸ் உனக்கு தானா வராதுன்னு ஆர்ம் 2022ல கேஸ் போட்டுச்சு, குவால்காமோட சிப்புங்க அதோட சொந்த லைசென்ஸ்லயே அடங்கும்னு ஜூரி சொல்றதுக்கு 2024 டிசம்பர் ஆச்சு.

ரிஸ்க்-ஃபைவ்ல ஓனரே கிடையாது. 2010ல அமெரிக்காவோட பெர்க்லி யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, ஸ்பெக்கை (அதான் அந்த ரூல்புக்கை) யார் வேணா எடுத்து சிப் பண்ணலாம், ஐஐடி மெட்ராஸோட சக்தி ப்ராசஸர் இதுலதான். ஆனா ஃப்ரீன்னு உறுதியா சொல்றது ஸ்பெக்கை மட்டும்தான், கோரை நீயே எழுதினா அது சரியா ஓடுதான்னு பாக்கற வெரிஃபிகேஷன் மொத்தமும் உன் தலைல. நான் அந்த வேலைலதான் முடி கொட்டிக்கறேன்.

இன்ஸ்ட்ரக்ஷனுக்கே பேட்டன்ட்டான்னா, மிப்ஸ்ங்கற ப்ராசஸர் கம்பெனி கிட்ட இருந்துச்சு. 4 பைட் டேட்டா ஒண்ணு 1002ல ஆரம்பிக்குதுன்னு வை, ரெண்டு பைட் 1000த்துல ஆரம்பிக்கற வேர்டுல (4 பைட் துண்டு), ரெண்டு 1004ல. இத ரெண்டு தடவையா எடுத்து ஒட்டற எல்டபிள்யூஎல், எல்டபிள்யூஆர்ங்கற இன்ஸ்ட்ரக்ஷன் ஜோடிதான் மேட்டர். மிப்ஸ் மாதிரியே கோர் பண்ண லெக்ஸ்ராங்கற கம்பெனி அத ஹார்டுவேர்ல இருந்து தூக்கிட்டுதான் கோர் வித்துச்சு, அப்பவும் 1999ல மிப்ஸ் கேஸ் போட்டுச்சு, அதே வேலைய சாஃப்ட்வேர்ல எமுலேட் பண்ணாலும் மீறல்தானாம்! 2001ல செட்டில்மென்ட், பேட்டன்ட் காலாவதியானது 2006ல. ரிஸ்க்-ஃபைவ்ல அந்த ஜோடியே இல்ல. அதோட பெர்க்லிக்காரங்க 2016ல, எந்த இன்ஸ்ட்ரக்ஷன் எந்த பழைய மெஷின்ல இருந்துச்சுன்னு வம்சாவளியே போட்டு வெச்சிருக்காங்க.

சரி, கோருக்குள்ள இருக்கற சமாச்சாரம்? அங்க ரெண்டு பக்கமும் ஒரே கதி. ஆப்பிள் கிட்ட ஆர்ம் லைசென்ஸ் இருந்துச்சு, இருந்தும் விஸ்கான்சின் யுனிவர்சிட்டியோட பேட்டன்ட் அமைப்பு, யூகிச்சு முன்கூட்டியே வேலைய ஓட்டற ஸ்பெகுலேஷன்ல தப்பான யூகத்தை டேபிள்ல குறிச்சு வெச்சு தவிர்க்கற டெக்னிக் எங்களோடதுன்னு கேஸ் போட்டு, 2015ல ஜூரி 23.4 கோடி டாலர் தீட்டிருச்சு. 2018 அப்பீல்ல தப்பிச்சாங்க, அதுக்குள்ள வக்கீல் ஃபீஸ் எவ்ளோ ஆயிருக்கும்.

தம்பி பண்றது மோட்டார் கன்ட்ரோலர், குட்டி கோர் போதும், கண்ண மூடிட்டு ரிஸ்க்-ஃபைவ் போடான்னேன். ஆனா கோரை வெளிய வாங்கறாங்களாம். எவனாவது கேஸ் போட்டா வித்தவன் கூட நிப்பானா, அக்ரிமென்ட்ல அந்த பொறுப்ப ஏத்துக்கற இன்டெம்னிட்டி க்ளாஸ் எப்படி இருக்குன்னேன். "அதெல்லாம் யாருண்ணா படிக்கறாங்க"ன்னான்.