எர்னி பால் சூப்பர் ஸ்லிங்கி 9-42: பெண்டிங் பழகத் தோதான கம்பியா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் பெண்டிங், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது, பழகுகிறவர்களுக்கு இந்தக் கம்பி செட்டைத் தாராளமாகச் சொல்லலாம். முதல் கம்பி (மிக மெல்லியது) 0.009 அங்குலம், மூன்றாவது 0.016. இன்னும் தடித்த 10-46 செட்டைவிட விரல் நோவு குறைவு. ஆனால் அந்த இலகுவே வம்பும்கூட: கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினாலும் சுருதி தாண்டிவிடும்.

அளந்து பார்க்க இப்படிச் செய்யுங்கள். இரண்டாவது கம்பி 5-வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஆள்காட்டி விரல்; அது ஈ ஸ்வரம். மூன்றாவது கம்பி 7-வது ஃப்ரெட்டில் மோதிர விரல், பின்னால் நடுவிரல் முட்டுக்கொடுக்கட்டும். இரண்டையும் சேர்த்து மீட்டி, மூன்றாவதை மட்டும் மேலே தள்ளுங்கள். 'வொவ்வொவ்' என்ற அதிர்வு மெதுவாகி அடங்கினால் சுருதி சேர்ந்துவிட்டது. மறுபடி வேகமெடுத்தால் தாண்டிவிட்டீர்கள். தள்ளுவது விரல் இல்லை, மணிக்கட்டின் திருப்பம். கட்டைவிரல் நெக்கின் (கிட்டார் கழுத்தின்) மேல்விளிம்பைப் பிடித்திருந்தால்தான் அந்தத் திருப்பம் வரும்.

புதுக் கம்பியை நாலைந்து முறை கையால் இழுத்துவிட்டு ட்யூன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் பெண்டுக்குப் பெண்டு சுருதி இறங்கும். பிறகும் இறங்கி, தலைப்பக்கம் 'டிக்' என்று கேட்டால் பழி கம்பிமேல் இல்லை, நட்டின் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பள்ளத்தில். பென்சில் கரி தடவினால் போதும்.

மிதக்கும் ட்ரெமலோ (கம்பிகளின் இழுவிசைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே அசையும் பிரிட்ஜ்) உள்ள கிட்டாரில் மேலே சொன்ன சோதனை ஏமாற்றும்: ஒன்றைத் தள்ளும்போதே பக்கத்துக் கம்பியும் இறங்கும். அங்கே கிட்டார் தலையில் மாட்டிச் சுருதி காட்டும் க்ளிப் ட்யூனர்தான் கதி.