ஓசூர் சிப்காட்டில் புதிதாக வந்தவர்கள் முதலில் போகவேண்டிய மெஸ்

சிப்காட் ஒன் பின்னாடி, லைன் வீடுகள் இருக்கும் சந்தில் உள்ளது. போர்டு கிடையாது, அக்கா மெஸ் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மதியச் சாப்பாடு 70 ரூபாய். ராத்திரி சப்பாத்தி, உருளைக்கிழங்கு. புதனும் சனியும் களி, கீரைக் கடைசல். நான் பாலக்கோட்டுக்காரி, களி விஷயத்தில் லேசில் திருப்தி ஆகமாட்டேன். இங்கே கட்டி தட்டாமல் பதமாகக் கிண்டுகிறார்கள். கூடவே வரும் கொள்ளு ரசத்துக்காகவே போகலாம்.

ஆனால் ஐந்து ஸ்டார் போடுவது சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. ஓசூர் முன்பிருந்தே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் புழங்கும் ஊர். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் வேலைக்கு வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு வீடு கொடுக்க ஓனர்கள் யோசித்தால், "நான் பொறுப்பு" என்று அக்கா போய் நிற்பார். தெருச் சங்கத் தலைவியும் அவர்தான். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். புதிதாக வருபவர்களின் பெயர், சொந்த ஊர், வீட்டு நம்பர், ரத்தப் பிரிவு வரை அதில் எழுதி வைத்திருக்கிறார்.

ஊர் ரேஷன் கார்டிலேயே இங்கே அரிசி வாங்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு 2020 அக்டோபரிலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. ஆதார் இணைத்திருந்தால் கைரேகை வைத்துத் தன் பங்கை இங்கே வாங்கலாம், மிச்சத்தை வீட்டார் ஊரில் வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவை அக்காவே கூட வந்து வரிசையில் நிற்பார்.

2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. போலீஸ் பொய் என்று அறிவித்தும் பையன்கள் பை கட்டினார்கள். அன்று ராத்திரி அக்கா அடுப்பை அணைக்கவில்லை. எல்லாரையும் மெஸ்ஸிலிருந்தே வீட்டுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். ஒரு பையனின் அம்மா அந்தப் பக்கம் அழுகிறார். அக்கா போனை வாங்கி, "பேட்டா இதர், கானா காயா" (பிள்ளை இங்கேதான், சாப்பிட்டான்) என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி, தட்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களையும் காட்டினார். அந்தப் பையன் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறான்.

குழாயடிச் சண்டை வந்தாலும் உள்ளூர், வெளியூர் பார்க்கமாட்டார். வரிசை மீறிக் குடத்தை வைத்தவருக்குத்தான் திட்டு விழும். அப்படித் திட்டு வாங்கிய அம்மா ஒருத்தர் இதில் கோபித்துக்கொண்டு பேசாமலே இருக்கிறார். இருக்கட்டும், அக்கா செய்தது நியாயம்.

குறை என்றால், இடம் ரொம்ப நெருக்கடி. கைகழுவும் இடத்தில் ராத்திரி வெளிச்சம் போதாது, பெண்கள் போகிற கடைக்கு அது அவசியம். ஞாயிறு ராத்திரி லீவு. செகண்ட் ஷிப்டு முடித்து வருபவர்கள் பத்து மணிக்குள் போன் பண்ணிவிடுங்கள், சாப்பாடு எடுத்து வைப்பார்கள்.